எல்லா வரிக்கும் முன்னாடி ஒரு #

19 நாள் பேக்கப் ஓடலை. ஓடலைன்னு கூட முழுசா சொல்லிட முடியாது. தினமும் ராத்திரி 2 மணிக்கு கிரான் (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தொடங்கி வைக்கிற புரோகிராம்) அதைத் தட்டி எழுப்பியிருக்கு, அது எழுந்திருக்கு, ஒரு வேலையும் பாக்கலை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு மறுபடி படுத்துக்கிச்சு. பூஜ்யம்னா வெற்றி, எரர்னு ஒரு வரியும் எழுதலை, அதனால மெயில் வரலை, மெயில் வரலைன்னா எல்லாம் சுகம்னுதான் அர்த்தம்னு நானும் நிம்மதியா இருந்தேன். டீம்ல ஒரு தம்பி, ரெண்டு வாரமா வேலை பாத்துக்கிட்டிருந்த ஒரு ஃபோல்டரைத் தப்பா ஓவர்ரைட் பண்ணிட்டு வந்து, "அண்ணே, நேத்து பேக்கப்ல இருந்து கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா"ன்னு கேட்டப்போதான் போய்ப் பாத்தேன். நேத்து இல்ல. முந்தாநேத்து இல்ல. கடைசி ஃபைலோட தேதி, நான் அந்த பேக்கப் ஸ்கிரிப்டை "சரி பண்ணி" புதுசா போட்ட தேதிக்கு முந்தின நாள்.

இது நடந்து கொஞ்ச காலம் ஆச்சு. எழுதணும்னு ரெண்டு மூணு தடவை உக்காந்து, இதுல என்ன இருக்கு, பேஸ்ட் பண்ணேன் சொதப்பிடுச்சு, அவ்ளோதானேன்னு மூடி வெச்சிருக்கேன். ஆனா மனசுல ஒரு விஷயம் அடங்கவே மாட்டேங்குது. நான் கவனமில்லாம ஒண்ணும் செய்யலை. என் லேப்டாப்ல ஸ்கிரிப்டை எழுதினேன், ஓட்டிப் பாத்தேன், நல்லா ஓடிச்சு. அதை அப்படியே காப்பி பண்ணி, சர்வர்ல விம்ங்கற எடிட்டரைத் திறந்து, அடிக்கிற எழுத்தை உள்ள வாங்கிக்கிற இன்சர்ட் மோடுக்குப் போய் பேஸ்ட் பண்ணி, எஸ்கேப் அடிச்சு சேவ் பண்ணினேன். அதோட விடலை, ஸ்கிரிப்டை ஓட்டற பாஷ்ல மைனஸ் என் போட்டு, ஓட்டாம சின்டாக்ஸ் மட்டும் சரியான்னு பாத்தேன். ஒரு குறையும் சொல்லலை. செய்யவேண்டிய எல்லாத்தையும் செஞ்சிருக்கேன்னு தோணிச்சு, லேப்டாப்பை மூடிட்டுப் போயிட்டேன்.

## அந்த ஃபைலைத் திறந்தப்போ

தம்பி பக்கத்துல நிக்க, ஸ்கிரிப்டைத் திறந்தேன். முதல் வரி சரியா இருந்துச்சு, ஷெபாங், அதாவது # அடுத்து ஆச்சரியக்குறி போட்டு பாஷ் எங்க இருக்குன்னு சொல்ற வரி. ரெண்டாவது வரி ஒரு கமெண்ட், அதாவது # போட்டு ஆரம்பிக்கிற, பாஷ் கண்டுக்காத குறிப்பு, அதுல என் பேரும் தேதியும். மூணாவது வரியில இருக்கவேண்டியது ஒரு வேரியபிள். இருந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு #. நாலாவது வரிக்கு முன்னாடியும் ஒரு #. வெத்து வரியா விட்டிருந்த இடத்துல தனியா ஒரு #. ஏற்கனவே நான் கமெண்ட் எழுதியிருந்த இடத்துல # #. கடைசி வரி வரைக்கும் இப்படியே. மொத்தம் 62 வரி, அதுல முதல் வரியைத் தவிர எல்லாமே கமெண்ட். பாஷ் அதைப் படிச்சு, செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு, ஒண்ணும் செய்யாம வெற்றிகரமா முடிச்சிருக்கு. சின்டாக்ஸ் செக்கும் பொய் சொல்லலை. வெறும் கமெண்ட்ல சின்டாக்ஸ் தப்பு எங்கேர்ந்து வரும்?

யார் செஞ்ச வேலைன்னு கேட்டா, விம்தான், ஆனா எனக்கு உதவி பண்றேன்னு நினைச்சு செஞ்சிருக்கு. கமெண்ட் எழுதிட்டிருக்கிறப்போ என்டர் அடிச்சா அடுத்த வரியிலயும் தானா # போட்டுக் கொடுக்கிற வசதி ஒண்ணு இருக்கு, ஃபார்மட்ஆப்ஷன்ஸ்ங்கற செட்டிங்ல ஆர்னு ஒரு எழுத்து. ஷெல் ஸ்கிரிப்டுக்கான ஃபைல்டைப் பிளகின் அதை எடுத்தவுடனே ஆன் பண்ணி வெச்சிடும். கையால டைப் பண்றவனுக்கு ரொம்ப சவுகரியம். நான் பேஸ்ட் பண்ணது விம்முக்குத் தெரியாது, அசுர வேகத்துல எவனோ டைப் பண்றான்னு நினைச்சுக்கிட்டு, ஒவ்வொரு என்டருக்கும் மரியாதையா ஒரு # வெச்சுக் கொடுத்துக்கிட்டே போயிருக்கு. ஷெபாங் எப்படித் தப்பிச்சுதுன்னு யோசிச்சா அதுவும் ஒரு சின்ன நுணுக்கம்தான்: # அடுத்து ஒரு ஸ்பேஸ் இருந்தாத்தான் விம் அதைக் கமெண்ட்னு எடுத்துக்கும், ஷெபாங்ல ஸ்பேஸ் இல்ல. ரெண்டாவது வரியில # அடுத்து ஸ்பேஸ் விட்டு அழகா என் பேரை எழுதியிருந்தேன். அங்க ஆரம்பிச்சதுதான்.

சரி, கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணுமே, ஒரே கலர்ல 62 வரி ஸ்கிரீன்ல ஓடினா யாருக்கும் தெரியும்தானே? அந்த சர்வர் விம் என் பின்னணி வெள்ளைன்னு நினைச்சுக்கிட்டிருந்துச்சு. வெள்ளைப் பின்னணிக்கு ஏத்த மாதிரி கமெண்டுக்குக் கருநீலம் கொடுத்திருந்துச்சு. நான் கட்டளை அடிக்கிற டெர்மினல் ஜன்னல் கறுப்பு. கறுப்புமேல கருநீலம்னா, கிணத்துக்குள்ள மை கொட்டின மாதிரி. எத்தனையோ நாளா அந்த சர்வர்ல கமெண்ட்ஸ் சரியா தெரியாது, அதைப் படிக்காமத் தாண்டிப் போறது எனக்குப் பழகிப்போயிடுச்சு. பேஸ்ட் பண்ணின அன்னைக்கும் ஸ்கிரீன் பூரா மங்கலா இருந்திருக்கும், நானும் பழக்கத்துல தாண்டிப் போயிருப்பேன்.

தம்பியோட ஃபோல்டரை 19 நாள் பழைய பேக்கப்ல இருந்து எடுத்துக் கொடுத்தேன். மீதியை அவன் மறுபடி உக்காந்து செஞ்சான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா போச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல உக்காந்து பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தப்போதான் அந்த இன்னொரு விஷயம் உறைச்சுது. என் ஸ்கிரிப்ட் ரெண்டு வேலை செய்யும். முதல்ல, டிஸ்க்ல இடம் வேணும்னு 14 நாளைக்கு மேல ஆன பேக்கப் எல்லாத்தையும் அழிக்கும். அப்புறம் புது பேக்கப் எடுக்கும். ரெண்டாவது வரியில என் பேரும் தேதியும் போட்டது பேஸ்ட் பண்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான், சும்மா ஒரு பந்தாவுக்கு. அதுக்கு முன்னாடி இருந்த வடிவத்துல மேல கமெண்டே கிடையாது, நேரா அழிக்கிற வரி, அதுக்குக் கீழதான் "இனிமே பேக்கப்"னு முதல் கமெண்ட். அதை பேஸ்ட் பண்ணியிருந்தா, அழிக்கிற பகுதி உசுரோட இருந்திருக்கும், அதுக்குக் கீழ இருக்கிற பேக்கப் மட்டும் செத்திருக்கும். தினமும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து, பழசை ஒவ்வொண்ணா அழிச்சுட்டு, புதுசு எடுக்காம, வெற்றின்னு சொல்லிட்டுப் படுத்திருக்கும். 19 நாள்ல அந்த ஃபோல்டர்ல ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது. என்னைக் காப்பாத்தினது என் கவனமும் இல்ல, சின்டாக்ஸ் செக்கும் இல்ல, பந்தாவுக்குப் போட்ட ஒரு பேரு. இதை எங்க வெச்சு எப்படி யோசிக்கறதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

## என் விம்ல நடக்கலையே

மறுநாள் இதை என் லேப்டாப்ல செஞ்சு பாத்தேன். அதே ஸ்கிரிப்ட், அதே விம், அதே பேஸ்ட். ஒரு # கூட கூடுதலா வரலை. சர்வர்ல செஞ்சா வருது. வெர்ஷன் பாத்தேன், ரெண்டுமே 8-க்கு மேல. கிட்டத்தட்ட ஒரு சாயங்காலம் பூரா இதுலயே போச்சு.

விஷயம் என்னன்னா, டெர்மினல்ல பேஸ்ட்னு தனியா ஒண்ணு ஆதியில கிடையவே கிடையாது. பில் ஜாய் 1976-ல விம்மோட மூதாதையான வி எடிட்டரை எழுதினப்போ அவர் டெர்மினல்ல மவுஸ் இல்ல, கிளிப்போர்டு இல்ல, கம்பியோட அந்தப் பக்கம் ஒரு கீபோர்டும் ஒரு ஆளும், அவ்ளோதான். கம்பி வழியா வர்ற ஒவ்வொரு எழுத்தும் அந்த ஆளோட விரல்ல இருந்து வந்ததுதான், வேற எங்கேர்ந்து வரும்? அந்த நம்பிக்கைமேலதான் எல்லாம் கட்டியிருக்கு. பின்னாடி பேஸ்ட் வந்தப்போ, டெர்மினல் அந்த எழுத்துக்களை எல்லாம் நாம டைப் பண்ணின மாதிரியே மடமடன்னு கம்பிக்குள்ள தள்ளிவிட்டுச்சு. அந்தப் பக்கம் இருக்கிற எடிட்டருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்ல. ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் கடிதம் எழுதறப்போ, "சரி அதை அடிச்சிடு"ன்னு சொன்னா அதை அடிக்கணுமா, இல்ல "சரி அதை அடிச்சிடு"ன்னே எழுதணுமான்னு குழப்பம் வருமே, அந்தக் கதைதான்.

இதுக்கு வந்த மருந்துதான் பிராக்கெட்டட் பேஸ்ட். ரொம்ப எளிமையான யோசனை, பேஸ்டுக்கு மேற்கோள் குறி போடற மாதிரி. எடிட்டர் ஆரம்பிக்கறப்பவே டெர்மினல்கிட்ட ஒரு சங்கேதம் அனுப்பும், 2004-ம் நம்பர் மோடை ஆன் பண்ணு, நான் புரிஞ்சுக்குவேன்னு. (2004ங்கறது வருஷம் இல்ல, அது வெறும் மோட் நம்பர், நான் ரொம்ப நாள் வருஷம்னே நினைச்சுட்டிருந்தேன்.) அதுக்கப்புறம் நாம எதை பேஸ்ட் பண்ணாலும், முன்னாடி எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, 200, ஒரு ~ குறி, பின்னாடி அதே மாதிரி 201 வெச்சு டெர்மினல் அனுப்பும். நடுவுல இருக்கிறது எல்லாம் சரக்கு, கட்டளை இல்லன்னு எடிட்டர் எடுத்துக்கும். இன்டென்ட் போடாது, # போடாது. விம் 8 காலத்துல இது உள்ளேயே வந்துடுச்சு. என் லேப்டாப்ல இத்தனை வருஷமா பேஸ்ட் ஒழுங்கா நடந்ததுக்குக் காரணம் இதுதான், எனக்குத்தான் அது தெரியவே தெரியாது.

சர்வர்ல நான் எப்பவும் டீமக்ஸுக்குள்ள இருப்பேன், கனெக்‌ஷன் அறுந்தாலும் வேலை ஓடிக்கிட்டிருக்கட்டும்னு. அந்த டீமக்ஸுக்குள்ள டெர்மினலோட பேர் என்னன்னு கேட்டா ஸ்கிரீன்னு சொல்லும். விம் என்ன பண்ணுதுன்னா, டெர்மினல் பேர் எக்ஸ்டெர்ம் வகையா இருந்தாத்தான் அந்த 2004 சங்கேதத்தைத் தானா அனுப்புது. ஸ்கிரீன்னு பேர் இருந்தா, இவனுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு அனுப்பாமலே விட்டுடுது. டீமக்ஸுக்குத் தெரியும். என் டெர்மினலுக்குத் தெரியும். விம்முக்கும் தெரியும். மூணு பேருக்கும் தெரிஞ்சும் நடுவுல ஒரு பேரு மாறினதால யாரும் வாயைத் திறக்கலை. விம்மோட உதவிப் பக்கத்துலயே, டெர்மினல் பேர் ஸ்கிரீன்னு இருந்தா இந்த நாலு வரியைச் சேத்துக்கோன்னு எழுதி வெச்சிருக்காங்க. படிக்காதது நான்.

எனக்குக் கோபம் வந்தது இங்கதான், யார்மேலன்னு தெரியலை. இருக்கறதே தெரியாத ஒரு பாதுகாப்பு, இல்லாம போனாலும் தெரியாது. பழைய காலத்துல பேஸ்ட் பண்ணா ஒவ்வொரு வரியும் படிக்கட்டு மாதிரி வலது பக்கம் தள்ளித் தள்ளிப் போகும், ஆட்டோஇன்டென்ட் பண்ற வேலை. அசிங்கமா இருக்கும், ஆனா கண்ணுல படும். பட்டவுடனே எல்லாரும் திட்டிக்கிட்டே, பேஸ்ட் வரப்போகுதுன்னு விம்முக்குச் சொல்ற செட் பேஸ்ட் கட்டளையை அடிப்போம், மறுபடி பேஸ்ட் பண்ணுவோம், அப்புறம் செட் நோபேஸ்ட் அடிக்க மறந்துட்டு, என்னடா இன்டென்டே வரமாட்டேங்குது, என் மேப்பிங் எல்லாம் எங்க போச்சுன்னு அரைமணி நேரம் தேடுவோம். அந்தப் பழக்கம் கையில இருந்த வரைக்கும் எந்த சர்வருக்குப் போனாலும் முதல்ல செட் பேஸ்ட்தான். வசதி வந்துச்சு, பழக்கம் போச்சு, வசதி இல்லாத ஒரே இடத்துல போய் மாட்டிக்கிட்டேன்.

## இன்சர்ட் மோட்ல இல்லைன்னா இன்னும் விசேஷம்

நான் இன்சர்ட் மோட்லயாவது இருந்தேன். அந்த மேற்கோள் குறி இல்லாத இடத்துல நார்மல் மோட்ல பேஸ்ட் பண்ணா, ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. இங்கிலீஷ்ல டியர் டீம்னு ஆரம்பிக்கிற ஒரு மெயிலை எடுத்துக்கோங்க. பெரிய டி, கர்சர்ல இருந்து வரி முடியற வரைக்கும் அழிச்சிடும். ஈ, அடுத்த வார்த்தையோட கடைசிக்குப் போகும். ஏ, அங்க இன்சர்ட் மோடைத் திறக்கும். அப்புறம் மிச்ச மெயில் ஆர்ல ஆரம்பிச்சு அங்க கொட்டும். பாக்கறவனுக்கு முதல் மூணு எழுத்து மட்டும் எங்கயோ போயிடுச்சேன்னுதான் தெரியும், ஒரு வரி பாதி அழிஞ்சது தெரியாது.

தமிழ் டெக்ஸ்ட்னா பயமில்லைன்னு நான் நினைச்சிருந்தேன், ஏன்னா விம்முக்கு க-வும் தெரியாது ங-வும் தெரியாது, எந்த எழுத்தும் கட்டளை இல்ல, பீப் அடிச்சுட்டு விட்டுடும். எழுத்துக்கு விட்டுடும் சரி. முற்றுப்புள்ளி? நார்மல் மோட்ல புள்ளின்னா கடைசியா செஞ்ச மாத்தத்தைத் திரும்பச் செய். கடைசியா நீங்க செஞ்சது ஒரு வரியை அழிச்சதா இருந்தா, பேஸ்ட் பண்ற தமிழ்ப் பத்தியில எத்தனை முற்றுப்புள்ளியோ அத்தனை வரி போச்சு. தமிழ் ஒரு எழுத்துகூட உள்ள வராது, வரி மட்டும் குறையும். இதை ஒரு குப்பை ஃபைல்ல வேணும்னே செஞ்சு பாத்தேன், அஞ்சு வாக்கியம், அஞ்சு வரி காணோம். என்னைக் கேட்டா இதுதான் டெர்மினல் பேஸ்டோட முழு சொரூபமும்.

நானோங்கற இன்னொரு எடிட்டர் பாவம், அதுல இந்த மோட் தொல்லை இல்ல. ஆனா 4.0-க்கு முந்தின நானோ, அதாவது 2019-க்கு முன்னாடி வந்தது, நீளமான வரியைத் தானே உடைச்சு ரெண்டாக்கிடும். பழைய சர்வர்ல கான்ஃபிக் ஃபைலைத் திருத்தறவங்க மைனஸ் டபிள்யூ போட்டுத் திறக்கறது அதுக்குத்தான்.

## "காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க"

இதைச் சொன்னப்போ ஒரு சீனியர், "சர்வர்ல எதுக்குப்பா காப்பி பேஸ்ட் பண்றே, கையால அடி, அப்பதான் என்ன அடிக்கிறோம்னு தெரியும்"னார். மரியாதையா கேட்டுக்கிட்டேன், ஆனா ஒத்துக்க முடியலை. 62 வரியைக் கையால அடிச்சா நான் குறைஞ்சது மூணு இடத்துலயாவது தப்பு பண்ணுவேன், அதுல ஒண்ணு அழிக்கிற வரியில வராதுன்னு என்ன நிச்சயம்? அவர் மனசுல இருந்தது வேற பயம்னு நினைக்கறேன், கண்ட பக்கத்துல இருந்து கண்டதையும் எடுத்து ஷெல்லுல போடற பயம். அது நியாயமான பயம். பிரவுசர்ல நாம செலக்ட் பண்றது ஒண்ணு, கிளிப்போர்டுக்குப் போறது வேற ஒண்ணா மாத்திவிட முடியும், நடுவுல கண்ணுக்குத் தெரியாத வரி ஒண்ணை ஒளிச்சு வைக்க முடியும். கடைசியில ஒரு என்டர் ஒட்டிக்கிட்டு வந்தா, பழைய பாஷ்ல அந்த நிமிஷமே ஓடிடும். 2020 கடைசியில வந்த பாஷ் 5.1-லதான் பிராக்கெட்டட் பேஸ்ட் தானா ஆன் ஆச்சு, அதுல நாம என்டர் தட்டற வரைக்கும் நிக்கும். ஆனா பேஸ்ட் பண்ற சரக்குக்குள்ளயே அந்த 201 முடிவுக்குறியை ஒளிச்சு வெச்சா என்ன ஆகும்? மேற்கோள் பாதியில முடிஞ்சு, மிச்சம் கட்டளையா மாறிடும். நல்ல டெர்மினல்கள் அதை வடிகட்டிட்டுத்தான் அனுப்பும். உங்களது அப்படி வடிகட்டுதான்னு சோதிச்சுப் பாத்திருக்கீங்களா? இந்தக் கதைக்கு முன்னாடி நானும் பாத்ததில்ல.

இப்போ நான் என்ன செய்யறேன்னா, முழு ஃபைல்னா பேஸ்டே பண்றதில்ல. லேப்டாப்ல ஃபைலா சேவ் பண்ணி, ஃபைலை நேரா சர்வருக்குக் காப்பி பண்ற எஸ்சிபி போட்டு அனுப்பிடறேன், அதுல # போட யாரும் நடுவுல இல்ல. பேஸ்ட் பண்ணியே ஆகணும்னா, எடிட்டரைத் திறக்காம, வாங்கினதை அப்படியே வெளிய தள்ற கேட் கமாண்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, அங்க பேஸ்ட் பண்ணிட்டு, என்டர் தட்டி கன்ட்ரோல் டி அடிக்கறேன். கேட்டுக்கு உதவி பண்ணத் தெரியாது, அதனால நம்பலாம். ஒரே ஒரு கண்டிஷன், லினக்ஸ்ல ஒரே வரி 4096 பைட்டைத் தாண்டினா மிச்சத்தை டெர்மினல் டிரைவரே முழுங்கிடும், பெரிய ஜேசான் டேட்டா எதையாவது ஒரே வரியா ஒட்டினா பாதிதான் வரும், எரரும் வராது. அப்புறம் ரெண்டு பக்கமும் வரி எண்ணிக்கை பாக்கறேன், ரெண்டு ஃபைலும் ஒண்ணுதானான்னு சொல்ற செக்சம் பாக்கறேன். என் 62 வரி பேஸ்ட் ஆனப்பவும் 62 வரிதான் இருந்துச்சுங்கறதால, வரி எண்ணிக்கையை மட்டும் இப்போ நம்பறதில்ல. வந்த ஃபைலைக் கேட் மைனஸ் பெரிய ஏ போட்டு ஒரு தடவை ஓடவிட்டா, கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ், விண்டோஸ்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த வரிமுடிவு எல்லாம் வினோத எழுத்தா வெளிய வந்துடும். அழகா இருக்காது, பரவாயில்ல.

அந்த நாலு வரியையும் எல்லா சர்வர் விம்லயும் போட்டுட்டேன். பேக்கப் ஸ்கிரிப்டோட கடைசியில, இன்னைக்குத் தேதியில ஒரு ஃபைல் உருவாகியிருக்கா, அது நேத்தை விட ரொம்ப சின்னதா போயிடலையேன்னு பாக்கற ஒரு சின்ன பகுதி எழுதினேன். எழுதி முடிச்சப்புறம்தான், இதையும் அதே ஸ்கிரிப்டுக்குள்ள வெச்சா இதுவும் சேர்ந்துதானே கமெண்ட் ஆகும்னு தோணிச்சு. எடுத்து வேற சர்வர்ல தனியா வெச்சேன்.

போன வாரம் அதே தம்பி என் ஸ்கிரீனைப் பாத்துட்டு, "என்னண்ணே, கமெண்ட் எல்லாம் இப்படிப் பளிச்னு மஞ்சள்ல அடிக்குது, கண்ணு கூசலையா"ன்னு கேட்டான். கூசுதுடான்னேன். அவன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, அந்தக் கலர் வரியை எந்த ஃபைல்ல போடணும்னு கேட்டான். சொன்னேன், ஆனா சாட்ல அனுப்பலை, அவன் மெஷின்லயே உக்காந்து கையால அடிச்சுக் கொடுத்தேன். ஒரே வரிதானே.